பிரபாவதி டீச்சர் வெளியே அனுப்பிய பிள்ளை

பிரபாவதி டீச்சர் அரசாங்கத்தோடு மனஸ்தாபம் கொண்டது ஒரே ஒரு விஷயத்தில்தான். சம்பளம் அல்ல, இடமாறுதல் அல்ல. நாற்காலி.

அவருக்கு வீடு செங்கல்பட்டில், வேலை மாமல்லபுரத்துக்குத் தெற்கே கால்வாயை ஒட்டிய ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில். தினமும் காலையில் திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் ஏறுவார். கழுகு வருவது நின்று எவ்வளவோ காலமாகியும் மலையை அண்ணாந்து பார்ப்பதை நிறுத்தாத யாத்ரீகர்களுக்கு நடுவே இடித்துக்கொண்டு நின்று, அங்கே இறங்கி, இன்னொரு பஸ் மாறி, மீதி தூரத்துக்கு ஷேர் ஆட்டோவில் ஒரு ஓரமாகத் தொற்றிக்கொண்டு பள்ளிக்கு வந்து சேர்வார். வந்ததும் ஒன்றாம் வகுப்பு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்குத்தான் அவ்வளவு பயணமும் என்று தோன்றும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கும் நாற்காலிக்கும் அப்படியொரு புரிதல் இருந்தது.

இடையில் திட்டங்கள் வந்தன, போயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு சணல் பை, ஒரு பாட்டு, ஒரு எலுமிச்சைச் சாதப் பொட்டலம் உண்டு. ஒரு வருஷம் மகிழ்ச்சியாகக் கற்க வேண்டும் என்றார்கள். அந்த வருஷம் முழுக்க மகிழ்ச்சி கட்டாயம். மறு வருஷம் களிமண். அதற்கு மறு வருஷம் பொம்மலாட்டம். பயிற்சியில் கைதட்டச் சொன்னபோது கைதட்டினார், குதிக்கச் சொன்னபோது முழங்கால் இடம் கொடுத்த அளவுக்குக் குதித்தார். பிறகு பள்ளிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கரும்பலகையில் அ, ஆ எழுதி, பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்லவைத்தார். சில பிள்ளைகள் கற்றன, சில கற்கவில்லை. யாரும் புகார் சொன்னதில்லை.

2007இல் வந்ததுதான் செயல்வழிக் கற்றல். இதில் டீச்சர் பாடம் நடத்தக் கூடாது. பிள்ளைகளே அட்டை எடுத்து, படம் பார்த்து, மணியும் குச்சியும் விதையும் வைத்து, தொட்டு, அடுக்கி, எண்ணித் தானே கற்க வேண்டும். ஒரு அட்டை முடிந்தால் அடுத்தது. டீச்சர் பிள்ளைகளோடு பாயில் வட்டமாக உட்கார்ந்து உதவி செய்தால் போதும். ஆகவே வகுப்பில் நாற்காலி எதற்கு? தூக்கிக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியர் சதாசிவத்தின் அறையில் போட்டார்கள். அங்கே ஏற்கெனவே மூன்று காலி நாற்காலிகள் இருந்தன.

"புள்ளைங்களுக்குச் சமமா உக்காரணும்னு சொல்றாங்க, நியாயம்தான் சார்" என்றார் பிரபாவதி. "உக்காந்துடுவேன். எழுந்திரிக்கறதுக்கு எந்த அட்டையில வழி போட்டிருக்கு?"

அட்டைகள் டெம்போவில் வந்தன. வழவழப்பாக, கலர் கலராக, மூலையில் முயலும் மயிலும் அச்சடித்து, கீழே வைக்க மனம் வராத அழகு. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டவர் பிரபாவதி. சதாசிவம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்:

"டீச்சர், ஒண்ணு கொறைஞ்சாலும் ஆடிட்டுல நீங்கதான் பதில் சொல்லணும். புள்ளைங்க கையில கொடுத்தீங்கன்னா ஒரே வாரத்துல பாதி வூட்டுக்குப் போயிடும், மீதி வாய்க்குள்ள போயிடும்."

அன்றைக்கே அட்டைகள் பீரோவுக்குள் போயின. மேலுறைகூடப் பிரிக்கவில்லை. இது பிரபாவதி கண்டுபிடித்த உபாயம் இல்லை. அந்த வட்டாரத்தில் பல பள்ளிகளில் பிள்ளைகளைவிட பீரோக்களே அதிகம் கற்றன. மேலிருந்து யாராவது பார்வையிட வந்தால் மட்டும் அட்டைகள் வெளியே வரும். வருகிறவர்கள் திடீரென்றுதான் வருவார்கள். ஆனால் அந்தத் திடீர் இரண்டு நாள் முன்பே போனில் தெரிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அதன் பெயர் கவியா.

கவியா ஒன்றாம் வகுப்பு. அப்பா ஏசுபாதம் மாமல்லபுரத்தில் ஒரு கல் பட்டறையில் யானைக்கும் பிள்ளையாருக்கும் பாலிஷ் போடுகிறவர். அம்மா எல்லம்மாள் இதே பள்ளியில் சத்துணவுச் சமையல் உதவியாளர். பிள்ளை குறும்பு செய்யாது, அடிக்காது, அழாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். அவ்வளவுதான் அதனிடம் இருந்த கெட்ட பழக்கம்.

போன முறை ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் வந்திருந்தார், இளவட்டம். குனிந்து, "இந்த அட்டை உனக்குப் புடிச்சிருக்கா பாப்பா?" என்று கேட்டார்.

"புடிச்சிக்கீது சார். இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"அப்ப நேத்து?"

"நேத்து பீரோல கீது. நீங்க போனதும் மறுபடியும் பீரோல பூடும். சாவி டீச்சர் பர்ஸுல கீது."

பயிற்றுநர் சிரித்துவிட்டுப் போய்விட்டார், நல்ல மனுஷன். பிரபாவதிக்கு மட்டும் அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

இந்த முறை வரப்போவது சிரிக்கிற ஆள் இல்லை. மாவட்டத்திலிருந்து பெரிய மேடம். கூடவே வெளி மாநிலத்திலிருந்து விருந்தினர்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தானாகவே கற்பதைப் பார்த்துப் போக. ஏ.இ.ஓ. லட்சுமணன், அதாவது ஒன்றியத்துப் பள்ளிகளுக்கெல்லாம் மேலதிகாரி, மணி அடிப்பதற்கு முன்பே ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டார். சட்டைக் காலர் அப்போதே நனைந்திருந்தது.

"டீச்சர், மேடம் ஒண்ணும் எழுத மாட்டாங்க. பார்ப்பாங்க. அவங்க பார்த்தாலே எழுதின மாதிரி. போன வாரம் ஒரு ஸ்கூல்ல ஒருத்தருக்கு மெமோ. அட்டை மேல தூசி இல்லையாம், ஆனா கிழிசலும் இல்லையாம். 'புள்ளைங்க தொட்ட அட்டை இப்படியா இருக்கும்'னு கேட்டாங்களாம்."

பிரபாவதி உடனே நான்கு அட்டைகளின் ஓரத்தை மடக்கிவிட்டார்.

"அந்த வாயாடிப் புள்ள எங்க?" என்றார் லட்சுமணன் குரலைத் தாழ்த்தி.

"வந்திருக்கா சார்."

"லீவு போடச் சொல்லலாமில்ல?"

"அவங்கம்மா இங்கதான் சமைக்கறாங்க. லீவு போட்டா அடுப்பங்கரையில உக்காந்திருப்பா. மேடம் சாம்பார் ருசி பாக்க அங்கயும் போவாங்க."

லட்சுமணன் கையை விரித்தார். அப்போதுதான் பிரபாவதிக்கு அந்த யோசனை வந்தது. யோசனை நல்லதுதான், அதுதான் அதில் இருந்த கோளாறு. பீரோவிலிருந்து வெளியே வந்திருந்த சூழ்நிலையியல் அட்டைகளில் ஒன்றை உருவினார். அதில் ஒரு எறும்பின் படம். கீழே: 'ஓர் உயிரினத்தைச் சத்தம் போடாமல் கவனி. அது என்ன செய்கிறது? என்ன தின்கிறது? பார்த்ததை வரை.'

கவியாவைக் கூப்பிட்டு, அட்டையைப் படித்துக் காட்டி, சிலேட்டையும் கொடுத்தார்.

"பின்னாடி பூவரச மரத்தாண்ட போய் உக்காந்து செய். முடிச்சிட்டுத்தான் உள்ள வரணும். பாதியில எழுந்து வரக்கூடாது. சத்தம் கூடாது. என்ன?"

"எந்த உயிரு டீச்சர்?"

"ஏதோ ஒண்ணு. உனக்குப் புடிச்சது."

கவியாவின் முகம் மலர்ந்தது. அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியது. பிரபாவதி டீச்சர் தன் பணிக்காலத்திலேயே செயல்வழிக் கற்றலை அட்டையில் உள்ளபடி நடத்தியது அந்த நிமிஷத்தில்தான். நோக்கம் மட்டும்தான் வேறு.

மற்றப் பிள்ளைகளைப் பார்த்து விரலை ஆட்டினார். "கேட்டா மட்டும் பேசணும். கேக்காததுக்கு ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது."

ஜீப் வந்தது. மேடம் நூல் புடவையில் இறங்கி, செருப்பை வாசலில் விட்டு, யாரும் சொல்லாமலே பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்து விருந்தினர்களும் உட்கார்ந்தார்கள். பிரபாவதியும் ஜன்னல் ஓரத்துச் சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்து, சிரித்த முகமாக உட்கார்ந்தார்.

பிள்ளைகள் பிரமாதமாக நடந்துகொண்டன. ஒருவன் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாக அடுக்கினான். ஒருத்தி மணலில் எழுத்து எழுதினாள். ஒரு கூட்டம் இலைகளைப் பெரியது சிறியது என்று பிரித்தது. விருந்தினர்கள் போட்டோ எடுத்தார்கள். லட்சுமணன் கதவோரம் நின்று வியர்வையைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையைப் பிழிந்தார்.

பாயில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியே வானம் மட்டும்தான் தெரியும். நாற்காலி இருந்த காலத்தில் திரும்பிப் பார்த்தாலே பூவரச மரம் வேர் வரைக்கும் தெரியும். இப்போது மரத்தடியைப் பார்க்க வேண்டுமானால் எழுந்து நிற்க வேண்டும்.

வானிலை அட்டவணையில் சூரியனைத் திருப்பி மாட்டும் சாக்கில் ஒரு தடவை எழுந்தார். மரத்தடியில் பச்சை ரிப்பன் தெரிந்தது. கவியா குப்புறக் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. பிரபாவதிக்கு உயிர் வந்தது. உட்கார்ந்தார்.

இலை பிரித்த கூட்டத்துக்குப் பசை எடுத்துக் கொடுக்கும் சாக்கில் மறுபடி எழுந்தார். மரம் இருந்தது. ரிப்பன் இல்லை.

ஒருவேளை மரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும். பசைப் பாட்டிலைக் கொடுத்தார். மூடியைத் திருகக்கூட மறந்து, மீண்டும் எட்டிப் பார்த்தார். மரத்துக்குப் பின்னால் சுற்றுச்சுவர். சுவரில் மழைக்கு இடிந்து விழுந்த ஒரு சந்து. ஒரு ஆள் நுழையலாம், பிள்ளை தாராளமாக நுழையலாம். சந்துக்கு அப்பால் கருவேலம் புதர். புதருக்கு அப்பால் கால்வாய்.

கதவோரம் இருந்த சதாசிவத்தைப் பார்த்துக் கண்ணால் ஜன்னலைக் காட்டினார். சதாசிவம் புரியாமல் ஜன்னலைச் சாத்தப் போனார். பிறகு புரிந்து, "தண்ணி கொண்டு வரேன் மேடம்" என்று வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் தண்ணீர் இருந்தது.  டம்ளரை நீட்டும்போது டீச்சர் காதருகே, "மரத்தடியில இல்ல. பாத்ரூம்லயும் இல்ல" என்றார்.

"கிச்சன்ல?"

"எட்டிப் பாத்தேன், தெரியல. எல்லம்மாவைக் கேட்டா கத்துவா."

இதை ஒட்டுக் கேட்ட லட்சுமணன் பக்கத்தில் வந்து, மேடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல் பேசினார். "இன்னும் கொஞ்ச நேரம். சாம்பார் ருசி பாத்துட்டுக் கெளம்பிடுவாங்க. புள்ள எங்க போகும், வந்துரும். இப்ப வாயத் தொறந்தீங்க, மூணு பேருக்கும் முடிஞ்சிது."

பிரபாவதி தலையாட்டினார். பிறகு, "சாப்பாடு ரெடியான்னு பாத்துட்டு வரேன் மேடம்" என்று சுவரைப் பிடித்து எழுந்து சமையல் கூடத்துக்கு நடந்தார். ஓட முடியாது. ஓடினால் தெரிந்துவிடும்.

எல்லம்மாள் கொதிக்கிற அண்டாவுக்கு முன்னால் நின்று கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தாள். புகையில் கண் சிவந்திருந்தது.

"எல்லம்மா, கவியா இங்க வந்தாளா?"

"இங்க இன்னாத்துக்கு வரப்போறா?" எல்லம்மாள் திரும்பினாள். "கிளாஸ்ல தான கீறா?"

 பிரபாவதி அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆமா, ஆமா. கிளாஸ்லதான்" என்றார் பிரபாவதி. "உப்பு சரியா இருக்கான்னு பாருங்க."

திரும்பி நடக்கும்போது காதில் அலைச் சத்தம் விழுந்தது. ரோட்டைத் தாண்டிக் கடல் இருக்கிறது என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் பள்ளிக்குள் இருந்து அது கேட்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. சுனாமிக்குப் பிறகு அந்த ஊரில் 'பிள்ளையைக் காணோம்' என்று யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்வதில்லை. கண்ணாமூச்சி ஆட்டத்தில்கூட இருக்கிற இடத்திலிருந்து குரல் கொடுக்கப் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருந்தார்கள் தாய்மார்கள்.

வகுப்பில் மேடம் எழுந்து நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் காலையில் வந்ததும் தங்கள் பெயருக்கு நேரே தாங்களே கோடு போட்டுக்கொள்ளும் வருகைப் பலகை அது.

"எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கறேன்" என்றார் மேடம் உற்சாகமாக. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பிள்ளைகள் கைதூக்கின. "கவியா?"

யாரும் தூக்கவில்லை. பிள்ளைகள் எல்லாம் பிரபாவதியைப் பார்த்தன. எவனும் வாய் திறக்கவில்லை.

"கோடு போட்டிருக்கே. யாரும்மா கவியா?"

"பாத்ரூம் மேடம்" என்றார் சதாசிவம்.

"வயித்துவலின்னா மேடம், இப்பத்தான் போனா" என்றார் லட்சுமணன், அதே மூச்சில், கேட்காத விவரத்தையும் சேர்த்து.

மேடம் தலையசைத்து அடுத்த பெயருக்குப் போனார். அவ்வளவுதான். ஆபத்து நீங்கிவிட்டது. லட்சுமணன் கண்ணை மூடித் திறந்தார். இனி சாம்பார், பார்வையாளர் பதிவேட்டில் விருந்தினர்களின் நல்ல வரி ஒன்று, ஜீப்.

"இல்ல மேடம்" என்றார் பிரபாவதி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"பாத்ரூம்ல இல்ல. புள்ளையக் காணோம். கொஞ்ச நேரமாவே காணோம். நான்தான் வெளிய அனுப்பினேன்."

"எதுக்கு வெளிய அனுப்பினீங்க?"

"உங்க கண்ணுல படக்கூடாதுன்னு."

மேடத்தின் முகத்தில் என்ன வந்தது என்று பார்க்கப் பிரபாவதி நிற்கவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பிவிட்டார். இவ்வளவு நேரம் கண்ணால் கேட்டார், சமையல் கூடத்தில் கேட்டார், கடவுளிடம் கேட்டார். இந்த வட்டத்தில் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

"கண்ணுங்களா, கவியா எங்கன்னு யாருக்காவது தெரியுமா?"

கூரை எகிறுகிற மாதிரி கோரஸ் வந்தது. "நண்டு பாக்கப் பூட்டா டீச்சர்!"

"எறும்பு வாணாமாம் டீச்சர்" என்றான் ஜன்னலோரத்தில் இருந்த ஆல்வின். "எறும்ப அவ எப்பவோ பாத்துட்டாளாம். கால்வாயாண்ட ஒரு நண்டு கீதாம், அது இன்னா துன்னுதுன்னு பாக்கணுமாம். ஜன்னலாண்ட வந்து குசுகுசுன்னு சொல்லிட்டுத்தான் போனா."

"ஏண்டா இத மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கல டீச்சர்."

பிரபாவதி ஓடினார். முழங்கால் என்று ஒன்று இருப்பதே நினைவில்லாமல் ஓடினார். சந்தில் நுழையும்போது புடவை செங்கல்லில் மாட்டிக் கிழிந்தது. பின்னால் மேடம், சதாசிவம், லட்சுமணன். பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துபோன விருந்தினர்கள். சத்தம் கேட்டுச் சமையல் கூடத்திலிருந்து எல்லம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"இன்னா? யாரு? இன்னா ஆச்சு?"

எல்லாரும் சுவர்ச் சந்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எம்புள்ள கிளாஸ்ல கீதுன்னியே டீச்சர்! இப்பத்தான சொன்ன!" என்று கத்திக்கொண்டே எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடினாள்.

கால்வாய்க் கரையில் சேறு. கடல் ஓதம் இறங்குகிற நேரம். தண்ணீர் சத்தமில்லாமல் முகத்துவாரத்தை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. கரையில் இரண்டு சின்னச் செருப்புகள். பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக, வகுப்பு வாசலில் விடுவதுபோல் விட்டிருந்தது. அதற்கு மேல் சேற்றில் சின்னச் சின்னப் பாதங்கள், தண்ணீரை நோக்கி. பிறகு பாதங்கள் இல்லை.

"கவியா!"

எல்லம்மாள் கூப்பிட்ட குரலுக்கு அக்கரையில் கொக்குகள் எழுந்தன. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். சதாசிவம் கூப்பிட்டார். விருந்தினர்கள் தங்கள் பாஷை உச்சரிப்பில் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. லட்சுமணன் பேன்ட்டோடு தண்ணீரில் இறங்கிக் கைகளால் துழாவ ஆரம்பித்தார். சற்று முன் பிள்ளைக்கு வயிற்றுவலி வரவழைத்த மனுஷன், இப்போது வாய்விட்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிரபாவதியும் இறங்கினார். சேறு முழங்காலை விழுங்கியது. ஒரு காலை எடுத்தால் மற்றக் கால் இறங்கியது.   'பாதியில் எழுந்து வரக்கூடாது' என்று சொன்ன தன் குரல் மட்டும் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது. கரையோரமாகச் சேற்றை அளைந்துகொண்டு தாழம்புதர் வரைக்கும் போனார். கிளையை ஒதுக்கினார்.

புதருக்கு அந்தப் பக்கம், ஈரத் திட்டில், குப்புறப் படுத்திருந்தது ஒரு பச்சை ரிப்பன்.



ரிப்பன் திரும்பியது. சேறு அப்பிய முகம், கன்னத்தில் சாக்பீஸ். விரலை உதட்டில் வைத்தது.

"ஷ்ஷ்... டீச்சர், உள்ள பூடும்."

பிரபாவதி அப்படியே சேற்றில் உட்கார்ந்தார். அழுதாரா சிரித்தாரா என்று பிறகு அவருக்கே தெரியவில்லை.

எல்லம்மாள் வந்து பிள்ளையைக் கொத்தாகத் தூக்கினாள். முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையாலேயே தடவினாள். "கூப்டனே, காதுல உயல? வாயில இன்னா வச்சிகினு இருந்த?"

"பேசுனா நண்டு உள்ள பூடும்மா. டீச்சர்தான் சத்தம் கூடாதுன்னாங்க. நீங்கல்லாம் கத்திகினே இருந்தீங்களா, அது பொந்தவுட்டு வரவே இல்ல."

மேடம் குனிந்து சிலேட்டைப் பார்த்தார். ஒரு கொடுக்கு பெரிதும் ஒரு கொடுக்கு சிறிதுமாக ஒரு நண்டு. சுற்றிலும் புள்ளி புள்ளியாக என்னவோ.

"என்ன சாப்பிடுது?"

"சேறுதான். துன்னுட்டு உருண்டை உருண்டையா வெளிய வைக்குது. தோ பாரு" என்று கவியா அம்மாவின் தோளிலிருந்தபடியே காலால் காட்டியது.

யாரோ ஒரு விருந்தினர் போட்டோ எடுத்தார். அந்த 'கிளிக்' சத்தத்தில்தான் எல்லம்மாள் பிரபாவதி பக்கம் திரும்பினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பிரபாவதிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ வெளிய அனுப்புனத கூட வுட்டுர்றேன் டீச்சர். புள்ளைங்கன்னா வெளிய போவும், வரும். நான் கேட்டனே? என் மூஞ்சப் பாத்து கிளாஸ்லதான்னு சொன்ன. தண்ணி இழுத்துகினு போயிருந்தா, நான் அங்க ஒன் சாம்பாருக்கு உப்பு பாத்துகினு இருந்திருப்பேன்."

"ஆமா எல்லம்மா" என்றார் பிரபாவதி.  சொல்ல நிறைய இருந்தது. மெமோ, மேடம், ஆடிட், முழங்கால். ஒன்றும் அந்தச் சேற்றில் நிற்கவில்லை.

மேடம் ஜீப்பில் ஏறும்போது லட்சுமணன் நனைந்த பேன்ட்டோடு நின்று, "மேடம், ரிப்போர்ட்டுல..." என்று இழுத்தார். மேடம் விருந்தினர்களை ஒரு பார்வை பார்த்தார், லட்சுமணனை ஒரு பார்வை பார்த்தார். "எதை எழுதச் சொல்றீங்க?" என்றார். ஜீப் போய்விட்டது. மாநிலத்தின் மானம் காப்பாற்றப்பட்டது. பிரபாவதிக்கு மெமோ வரவில்லை. அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. வந்திருந்தால் பதில் எழுதியிருப்பார்.

மறுநாள் கவியா வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எல்லம்மாள் வேலைக்கு வந்தாள், சமைத்தாள், பரிமாறினாள், போனாள். ஏசுபாதம் கல்பாக்கம் ரோட்டில் வேன் விடுகிற ஒரு இங்கிலீஷ் பள்ளியில் போய் விசாரித்துவிட்டு வந்ததாக ஆல்வின் சொன்னான், இம்முறை கேட்காமலே. பிரபாவதி எழுந்து எழுந்து பூவரச மரத்தைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தும் பார்த்தார்.

திங்கட்கிழமை முதல் மணி அடித்ததும் கவியா வந்தது. கூடவே எல்லம்மாள், ஒரு கையில் அரிவாள்மணை, மறு கையில் கத்தரிக்காய்க் கூடை. பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு, வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா இது, கிளாஸ் வாசல்ல?" என்றார் சதாசிவம்.

"நான் இங்கதான் நறுக்குவேன் சார். வாணாம்னா சொல்லு, புள்ளைய இட்டுகினு போயிகினே இருக்கேன்."

"ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கில்ல..."

"இருக்கட்டும் சார்" என்றார் பிரபாவதி.

அப்படியே இருந்தது. தினமும் அரிவாள்மணை, தினமும் ஒரு காய். எல்லம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பீரோ திறக்கிறதா இல்லையா என்பது தெரியும். இரண்டாம் நாளே முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே, "அத்த எடுத்துக் குடேன் டீச்சர். உள்ள வச்சி இன்னா பண்ணப் போற, கற்பூரமா ஏத்தப் போற?" என்றாள். அட்டைகள் வெளியே வந்தன. வாரக் கணக்கில் அழுக்காயின, கிழிந்தன. மயிலுக்கு மீசை முளைத்தது. சில அட்டைகள் வீட்டுக்குப் போயின. சதாசிவம் ஆடிட்டை நினைத்துத் தூக்கம் இழந்தார். ஆடிட் வந்தபோது அவர்கள் அட்டையைக் கேட்கவில்லை. நாற்காலி ஏன் ஒன்று அதிகமாக இருக்கிறது என்று கேட்டார்கள்.

கோடை விடுமுறைக்கு முன்னால் வேறொரு குழு பார்வையிட வந்தது. வாசற்படியில் பூசணிக்காயோடு ஒரு தாய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அசந்துபோனது. 'வகுப்பறையில் சமூகப் பங்கேற்பு பாராட்டத்தக்கது' என்று எழுதியது. ஒன்றியக் கூட்டத்தில் லட்சுமணன் அதை எழுந்து நின்று வாசித்தார். மற்றப் பள்ளிகளும் இதைப் பின்பற்றலாம் என்றார். சில பள்ளிகள் பார்வையிடும் நாளில் மட்டும் சமையல்காரம்மாவை வாசலில் உட்காரவைக்கத் தொடங்கின.

பாராட்டை லட்சுமணன் நேரில் சொல்ல வந்த அன்று எல்லம்மாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கும்தாம்மா இந்தப் பேரு" என்றார் அவர்.

"பேரு கெடக்கட்டும் சார்" என்றாள் எல்லம்மாள், தலையைத் தூக்காமல். பிறகு வழக்கம்போலக் கேட்டாள். தினமும் ஏதாவது ஒரு நேரத்தில், காரணமே இல்லாமல், பாடத்துக்கு நடுவில் கேட்பாள். அன்றும் கேட்டாள்.

"டீச்சர், எம்புள்ள எங்க?"

கவியா இரண்டடி தூரத்தில் புளியங்கொட்டை அடுக்கிக்கொண்டிருந்தது எல்லம்மாளுக்கே தெரியும். பிரபாவதிக்கும் தெரியும். ஆனாலும் பிரபாவதி டீச்சர் சுவரைப் பிடித்து எழுந்து நின்று, திரும்பி, பிள்ளையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பதில் சொன்னார்.